மூன்று முறை எழுதிய ‘பழுது காணப்படவில்லை’

இருபத்தேழு வருஷத்தில் என் கை அதிகம் எழுதிய வார்த்தை எது என்று கேட்டால், ‘பழுது காணப்படவில்லை’ என்பதுதான். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே, இதே மாடியில், இதே ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். முதலில் மானிட்டர், பிறகு கம்ப்யூட்டர், பிறகு லேப்டாப் என்று ரிப்பேர் பார்த்தேன். இப்போது சின்னத் திருகாணி கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது, அதனால் போன வருஷம் வேலையை விட்டு எழுந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார் முதலாளி. நான் சரிசெய்த பெரிய பெரிய கேஸ்களைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் சொல்லப்போவது மூன்று தடவை தப்பாக எழுதிக் கொடுத்த ஒரே லேப்டாப்பைப் பற்றி. முதலாளியும் இதில் வருகிறார். பக்கத்து அறையில்தான் இருக்கிறார், காதில் விழட்டும், பரவாயில்லை.

அது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். சித்திரை வெயில் என்றால் நம் கடைக்குத் திருவிழா. கேமிங் லேப்டாப் எல்லாம் வரிசை கட்டும். ஃபேனில் தூசி அடைத்துச் சூடு ஏறி, விமானம் கிளம்புவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு வரும். கழற்றி, சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றி அனுப்புவோம். அப்போதெல்லாம் லேப்டாப்போடு சார்ஜரையும் வாங்கி, எல்லாச் சார்ஜரையும் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவைப்போம். திருப்பிக் கொடுக்கும்போது எது யாருடையது என்று ஞாபகத்தில் எடுத்துக் கொடுப்போம். என் ஞாபகத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வெயிலில் ஒரு நாள் தாமோதரன் வந்தார். அயப்பாக்கத்தில் பழைய குடும்பம், வயலெல்லாம் ப்ளாட்டான பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகனுடைய லேப்டாப்பை இரண்டு நாள் முன்புதான் சுத்தம் செய்து வாங்கிப் போயிருந்தார். சார்ஜரைத் தொப்பென்று மேசை மேல் வைத்தார்.

“இன்னாம்மா இது? எங்க ஊட்டு சார்ஜர் சோப்பு டப்பா மாதிரி சின்னதா இருந்துச்சு. இது செங்கல்லு கணக்கா கீது.”

“பின் சேருதாண்ணே?”

“சேருது.”

“சார்ஜ் ஏறுதா?”

“ஏறுது.”

“அப்புறம் என்னண்ணே?”

“பக்கத்து ஊட்டுக்காரன் செருப்பு கூடத்தான் என் காலுக்கு சேருது. அதுக்குன்னு மாட்டிகினு வந்துட முடியுமா?”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கூடையைக் கிளறிப் பார்த்தேன், அவர் சொன்ன மாதிரி சின்னதாக எதுவும் இல்லை. “நீங்க குடுத்ததுதான்ணே இது, நல்லாப் பாருங்க” என்று அடித்துச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.

அந்த வாரமே இன்னொருவர், தன் சார்ஜரில் வயர் கிழிந்தது நம்மால்தான் என்று சண்டைக்கு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினேன்: ‘லேப்டாப் மட்டும் வாங்கப்படும். சார்ஜர், பை, மவுஸ் கொண்டுவர வேண்டாம்.’ நம்மிடம்தான் சோதனை மேசையில் எல்லாப் பின்னும் சேரும் பெரிய சார்ஜர் இருக்கிறதே, வாடிக்கையாளர் சார்ஜர் எதற்கு? நீலக் கூடையை மொட்டைமாடிக்கு அனுப்பினேன். சண்டை அன்றோடு நின்றது. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

போர்டு மாட்டிப் பத்து நாள் இருக்கும், சுகன்யா வந்தார். கரூர்ப் பக்கத்துப் பெண், வயது முப்பதுக்குள். நெமிலிச்சேரியில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஃப்ளாட்டில் கணவரோடு இருந்தார். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. கட்டப்போகும் கட்டடத்தை, கட்டி முடித்துவிட்டது போல வீடியோவாகச் செய்து காட்டுகிற வேலை. அதைக் கடைசியில் வீடியோவாக மாற்றுவதற்கு ரெண்டர் என்று பேர். மணிக்கணக்கில் ஓடும், மெஷினைப் பிழிந்து எடுக்கும். அதனால்தான் கேம் ஆடாத அந்தப் பெண் கையில் கேமிங் லேப்டாப்.

“திடீர்னு அணைஞ்சு போகுது மேடம். சில நாள் பத்து நிமிஷத்துல, சில நாள் ரெண்டு மணி நேரத்துல. மெயில் பார்த்துட்டு இருந்தா ஒண்ணும் ஆகல. இங்க ஃபேன் சுத்தம் பண்ணி வாங்கிட்டுப் போனதுக்கு அப்புறம்தான் இப்படி.”

‘இங்கே கொடுத்த பிறகுதான்.’ இந்த வார்த்தையை நீங்களும் வாரம் ஒரு தடவை கேட்பீர்கள். பத்தில் ஒன்பது பேர் சும்மா சொல்வார்கள். கேட்டதும் நம் காது தானாக மூடிக்கொள்ளும். என் காதும் மூடிக்கொண்டது. அடுத்து அவர் சொன்னதையும் அதனால் நான் சரியாகக் கேட்கவில்லை.

“ஆன் பண்ணும்போது ஒரு வரி வந்து வந்து போகுது மேடம். படிக்கிறதுக்குள்ள மறைஞ்சுடுது.”

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்தார். அதோடு சார்ஜரையும் எடுத்தார். நான் விரலை நீட்டி வாசலைக் காட்டினேன். “போர்டைப் படிக்கலையா? சார்ஜர் வேணாம், எடுத்துட்டுப் போங்க.”

“இல்ல மேடம், ஒருவேளை…”

“எடுத்துட்டுப் போங்கம்மா.”

எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் நம் மேசையில் ஓட்டினேன். மெஷின் மூச்சுத் திணறுகிற அளவுக்குப் பாரம் ஏற்றினேன். ஒரு தடவைகூட அணையவில்லை, அவர் சொன்ன வரியும் வரவில்லை. ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை சீலும் குத்திக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடி மூன்று நாள் ஓட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடியது. மறுபடி அதே சீட்டு.

மூன்றாவது தடவை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். திரை சட்டென்று கறுக்கிறது, பின்னால் “ஐயோ, மறுபடியுமா” என்று அவர் குரல் கேட்கிறது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது. அப்படியானால் வீட்டில் இருந்து கடையில் இல்லாதது எது? அந்தக் கேள்வியை நான் கேட்கத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாத பதிலாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். “உங்க ஃப்ளாட்ல வயரிங் சரியில்லம்மா. நல்ல எலெக்ட்ரீஷியனா வெச்சுப் பாருங்க” என்றேன். அவர் படி இறங்கியதும் பக்கத்து மேசையில் இருந்தவரிடம், “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மூன்றாவது சீட்டும் போனது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் சுகன்யா மறுபடி வந்தார். கையில் லேப்டாப் இல்லை. நான் எழுதிக் கொடுத்த மூன்று சீட்டும் இருந்தன.

“ரெண்டு டெலிவரி தவறிடுச்சு மேடம். ஒவ்வொரு தடவையும் லேப்டாப் நின்னுடுச்சுன்னுதான் சொன்னேன். சர்வீஸ் ரிப்போர்ட் அனுப்புன்னாங்க. இதைத்தான் அனுப்பினேன்.” சீட்டை என் பக்கம் தள்ளினார். “பழுதே இல்லைன்னு போட்டிருக்கே, நீ வேற எங்கயோ திருட்டுத்தனமா இன்னொரு வேலை பார்த்துட்டு லேப்டாப் மேல பழி போடறேன்னு சொல்றாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. பொய் சொன்னவங்கிற பேரோட வெளிய வந்தா அடுத்து யாரு மேடம் என்னை எடுப்பாங்க?”

நான் சீட்டுகளை அடுக்கி அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

“ஏதோ ஒரு பழுது இருக்குன்னு மட்டும் எழுதிக் குடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாத பழுதுன்னு எழுதினாக்கூடப் போதும்.”

“நான் பார்க்காத பழுதை எழுத மாட்டேம்மா. பொய்க் கையெழுத்து என்கிட்ட கிடையாது” என்றேன். சொல்லும்போது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மூன்று சீட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் தாமோதரன் வந்தார். மகன் லேப்டாப்பில் கீபோர்டு போய்விட்டது. அதைக் கொடுத்துவிட்டு, துணிப்பையிலிருந்து அந்தச் சார்ஜரையும் எடுத்து வைத்தார்.

“போர்டு கீதுன்னு தெரியும், கத்தாதம்மா. இத்தை நீயே வெச்சிக்க. புள்ள காலேஜுக்கு தூக்கினு போவ முடியாம தோள்பட்டை வலின்னு உக்காந்துகினு கீறான். எங்களுது எங்க கீதோ, தேடிக் குடு.”

வாதாட வாய் திறந்தேன். அவர் மகனுடைய லேப்டாப் பக்கத்திலேயே இருந்ததால், சும்மா ஒரு தடவை சார்ஜரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். இருநூற்று முப்பது வாட். அவர் லேப்டாப்புக்கு வேண்டியது நூற்று இருபதுதான். அந்தக் கம்பெனி இந்த மாடலோடு இவ்வளவு பெரிய சார்ஜரைத் தரவே தராது. ஆக, இது அவருடையது இல்லை. அந்த மனிதர் முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பெரியது இவரிடம் வந்திருந்தால், சின்னது யாரிடம் போயிருக்கும்? பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி. ஒன்றரை மாதம் கழித்து எனக்கு அப்போதுதான் தோன்றியது. ரிஜிஸ்டரை எடுத்தேன். தாமோதரன் லேப்டாப்பை வாங்கிப் போன அதே நாள், அதே மாலை, அதே கம்பெனியின் பெரிய மாடல் ஒன்றும் போயிருக்கிறது. வாங்கிப் போனவர் சுகன்யாவின் கணவர். வேலை விட்டுப் போகிற வழியில் வாங்கிக்கொண்டு போய், மேசைக்கு அடியில் சொருகியிருப்பார். பின் சேர்ந்து சார்ஜும் ஏறினால், சார்ஜர் சின்னதா பெரியதா என்று வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மெயில் பார்க்க அந்தச் சின்ன சார்ஜர் போதும். ரெண்டர் ஓடும்போது போதாது. போதாத மிச்சத்தை பேட்டரியிடமிருந்து இழுக்கும். அந்த பேட்டரிக்கு மூன்று வயது, இழுக்க இழுக்கத் தாங்காமல் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். வந்து வந்து மறைந்த அந்த வரி, சார்ஜர் போதவில்லை என்று லேப்டாப்பே சொன்ன வரி. சுகன்யா அந்தச் சின்ன சார்ஜரை என் மேசைக்குக் கொண்டுவந்தபோது நான் போர்டைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். என் மேசையில் பெரிய சார்ஜரை மாட்டிவிட்டு, பழுது இல்லை, பழுது இல்லை என்று மூன்று தடவை எழுதினேன். ஆடத் தெரியாதவள் யார் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கடையை நடத்துகிறவர். “புதுசா ஒரு பெரிய சார்ஜர் குடுத்துடுங்கம்மா. பழைய சார்ஜர் வீக் ஆயிடுச்சு, இப்பதான் கண்டுபிடிச்சோம்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கும் வேலை நடக்கும், நம்ம பேரும் கெடாது. நாமதான் மாத்தினோம்னு ஊரெல்லாம் சொல்லணுமா என்ன?”

யோசித்துப் பாருங்கள், அதில் பாதி நியாயம் இருக்கிறது. லேப்டாப் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண்ணிடம் அவர்கள் கேட்கப்போவது லேப்டாப்பைப் பற்றி இல்லையே. நீ பொய் சொன்னாயா என்றுதான் கேட்பார்கள். சார்ஜர் வீக் ஆகிவிட்டது என்று போய்ச் சொன்னால், இதோ இன்னொரு கதை என்பார்கள். நான் எழுதிய சீட்டு தப்பு என்று நானே சொன்னால்தான் ஆகும். முதலாளியிடம் “சரி, பார்க்கறேன்” என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் கிளம்பும்போது பெரிய சார்ஜரோடு, சுகன்யா விட்டுப்போன மூன்று சீட்டையும், கடை லெட்டர்பேடில் நாலு தாளையும், சீலையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கேட்காமல்தான் எடுத்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூரில் ரயில் ஏறி நெமிலிச்சேரியில் இறங்கினேன். கதவைத் திறந்தது சுகன்யாதான். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு, “வாங்க மேடம்” என்றார்.

அந்த மேசையை நான் இன்னும் மறக்கவில்லை. லேப்டாப்பின் நாலு மூலைக்கும் அடியில் பாட்டில் மூடி வைத்துத் தூக்கியிருந்தது. பக்கத்தில் அதற்கென்றே ஒரு டேபிள் ஃபேன் ஓடியது. சுவரை வெட்டிப் புது வயர் பதித்து, புது ஸ்விட்ச் போர்டு. கீழே ஒரு ஸ்டெபிலைசர். நான் வாயால் சொன்னதற்கெல்லாம் அவர்கள் சுவரை உடைத்திருந்தார்கள். ஸ்டெபிலைசருக்குப் பின்னால், சோப்பு டப்பா அளவில், தாமோதரன் வீட்டுச் சார்ஜர் கிடந்தது.

“ரெண்டர் போடுங்கம்மா” என்றேன். போட்டார். பதினைந்து நிமிஷத்தில் திரை கறுத்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பழுதைக் கண்ணால் பார்த்தேன். சின்னதைப் பிடுங்கிவிட்டுப் பெரியதை மாட்டினேன். மறுபடி போடச் சொன்னேன். அவர் கணவர் காபி கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காபி ஆறிப்போனது. இரண்டரை மணி நேரம் ஓடி, வீடியோ முழுசாக முடிந்தது. ஒன்றரை மாதமாக முடியாத வீடியோ.

நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். கூடை, தாமோதரன், போர்டு, எல்லாம். கணவர்தான் கொதித்தார். “எத்தனை ராத்திரி இவ தூங்கல தெரியுமா? உனக்குத்தான் மெஷினை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலைன்னு நானே திட்டினேங்க!” என்றார். சுகன்யா கத்தவில்லை. அந்தப் பெரிய சார்ஜரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கு அந்தச் சின்ன சார்ஜர் என் கையில இருந்துச்சு மேடம்” என்றார். “உங்ககிட்ட நீட்டினேன்.”

“ஆமாம்மா” என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘இவருடைய சார்ஜரை எங்கள் கடையில் இன்னொருவருடையதோடு மாற்றிக் கொடுத்துவிட்டோம். லேப்டாப் நின்றது அதனால்தான். இவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. நான் எழுதிய மூன்று அறிக்கையும் தவறு.’ கீழே என் முழுப் பெயர், போன் நம்பர், கையெழுத்து, கடை சீல். மூன்று பழைய சீட்டிலும் குறுக்கே கோடு போட்டு அதோடு இணைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சீலைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அன்று மத்தியானம் சுகன்யாவிடமிருந்து போன் வந்தது.

“வேலை இருக்கு மேடம். லெட்டரைப் படிச்சாங்க. ஆனா அந்த ப்ராஜெக்டை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க.”

“தப்பா நினைச்சுட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?”

“இல்ல.”

நானும் அதுவரை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நடந்ததைச் சொன்னேன், கடிதம் எழுதினேன், அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். “என்னை மன்னிச்சுக்கம்மா” என்றேன். “சரிங்க மேடம்” என்று போனை வைத்துவிட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

சின்ன சார்ஜரை அயப்பாக்கத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாமோதரன் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். “தோ, இதான் எங்க ஊட்டு செருப்பு! அன்னிக்கே சொன்னேன், கேட்டியாம்மா நீ?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே போர்டைக் கழற்றினேன். மெஷின் வாங்கும்போது நாம் எழுதும் ஜாப் கார்டில் சார்ஜர் நம்பரும் வாட்டும் எழுதும் கட்டமும், வாடிக்கையாளர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதும் மூன்று வரியும் அப்போது சேர்த்ததுதான். அதை நிரப்பச் சொன்னால் நீங்கள் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு சுகன்யா கடைக்கு வந்தார், பேட்டரி மாற்ற. ஊரில் இத்தனை கடை இருக்க, இங்கே வருவார் என்று நான் நினைக்கவில்லை. நலமா என்று கேட்டேன். நலம் என்றார். லேப்டாப்பை எடுப்பதற்கு முன்னால் சார்ஜரை எடுத்தார். எழுத்து இருக்கும் பக்கத்தை எனக்குத் தெரியும்படி மேலே திருப்பி மேசையில் வைத்தார், அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கார்டில் எழுதினேன்.

“எழுதிட்டீங்களா மேடம்?”

“எழுதிட்டேம்மா.”

கார்டைத் தன் பக்கம் திருப்பி, ஒரு தடவை படித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார்.